பிரெத் ஆஃப் தி வைல்ட்: எதை முதலில் சேகரிப்பது, எதை அப்படியே விட்டுவிடுவது

செல்டா வரிசை வீடியோ ஆட்டமான பிரெத் ஆஃப் தி வைல்டில், தொடக்க மேடான கிரேட் பிளாட்டோவிலிருந்து பாராகிளைடரில் (காற்றில் மிதக்க உதவும் துணி) இறங்கியதும் இந்த ஆட்டம் உங்கள் கையில் எந்தப் பட்டியலையும் திணிக்காது. 120 ஷ்ரைன் (சிறு சோதனைக் கோயில்), 900 கொரோக் விதை (ஒளிந்திருக்கும் குட்டி வன ஆவிகளான கொரோக்குகள் தருவது), உடையை வலுவாக்கும் நான்கு பெரிய தேவதைகள், நூற்றுக்கணக்கான பெட்டிகள் எல்லாம் ஹைரூல் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டே போனால் 40 மணி நேரம் ஆடிய பிறகும் மலையில் பாதி உயரத்தில் ஸ்டாமினா தீர்ந்து விழுவீர்கள். நல்ல வாள் இருக்கும் பெட்டியைத் திறந்தால் வைத்துக்கொள்ள இடமிருக்காது.

அதனால் ஒரே விதி: அடுத்ததைச் சேகரிக்க எது கைகொடுக்குமோ, அதை முதலில் சேகரியுங்கள். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டது. சண்டை, குதிரை பிடிப்பது பற்றியெல்லாம் இங்கே கிடையாது.

படி 1: முதல் நான்கு ஆர்ப் ஸ்டாமினாவுக்கே

ஒவ்வொரு ஷ்ரைனும் ஒரு ஸ்பிரிட் ஆர்ப் தரும். நான்கு ஆர்ப் சேர்ந்ததும் தெய்வச் சிலையிடம் கொடுத்து ஒரு இதயமோ, ஸ்டாமினா சக்கரத்தில் ஐந்தில் ஒரு பங்கோ வாங்கலாம். பிளாட்டோவின் நான்கு ஷ்ரைன்களையும் முடித்ததும் டெம்பிள் ஆஃப் டைம் சிலை இந்தக் கேள்வியை முதல்முறையாகக் கேட்கும். மூன்று இதயத்தைப் பார்த்துப் பயந்து எல்லோரும் இதயத்தையே வாங்குவார்கள். வேண்டாம். தொடக்கத்தில் உங்களை அடிக்கும் எதிரிகளில் பலர் மூன்று இதயம் இருந்தாலும் நான்கு இருந்தாலும் ஒரே அடியில் முடித்துவிடுவார்கள். ஏறுவது, பறப்பது, நீந்துவது, ஓடுவது என்று மற்ற எல்லாமே ஸ்டாமினாவில்தான் நடக்கிறது.

இரண்டு முழுச் சக்கரம் வரும்வரை, அதாவது ஐந்து முறை, 20 ஆர்ப், கண்ணை மூடிக்கொண்டு ஸ்டாமினா. அதன் பிறகு இதயம்.

ஏறும்போது எக்ஸ் பட்டனை அழுத்திக் குதித்துக் குதித்துப் போகும் பழக்கம் ஸ்டாமினாவைக் குடித்துவிடும். உச்சிக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது மட்டும் குதியுங்கள். மழையில் ஏறவே ஏறாதீர்கள், நாலைந்து எட்டுக்கு ஒருமுறை வழுக்கும். பக்கத்தில் ஒதுங்க இடம் பார்த்து, நெருப்பு மூட்டி உட்கார்ந்து நேரத்தைத் தள்ளுங்கள்.

ககாரிகோ ஊருக்குப் போகும் வழியில் இரட்டை மலைகளுக்கு நடுவே ஆறு ஓடும் இடத்தில் ரீ டாஹீ ஷ்ரைன் இருக்கிறது. அதற்குள் இருக்கும் பெட்டியை விட்டுவிடாதீர்கள். ஏறும் வேகத்தைக் கூட்டும் கிளைம்பர்ஸ் பண்டானா அதில்தான் இருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் தலையில் போட இதைவிட நல்ல பொருள் இல்லை.

ஷ்ரைன்களைத் தேட டவர் உச்சியில் நின்று ஸ்கோப்பில் சுற்றிலும் பாருங்கள், ஆரஞ்சு ஒளி தெரியும் இடத்தில் பின் குத்துங்கள். உள்ளே போக நேரமில்லை என்றாலும் வாசல் பீடத்தில் ஸ்லேட்டை (கையிலுள்ள மேப், கேமரா கருவி) வைத்துவிட்டுப் போங்கள். பிறகு மேப்பிலிருந்தே நேராக அங்கே தாவி (வார்ப் ஆகி) திரும்பலாம். ‘மேஜர் டெஸ்ட் ஆஃப் ஸ்ட்ரெங்த்’ என்று பெயர் வந்தால் அது கடுமையான சண்டைச் சோதனை, அப்படியே வெளியே வந்துவிடுங்கள். நல்ல ஆயுதம் நாலைந்து சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: ஹெஸ்டுவைத் தவறவிடாதீர்கள்

கொரோக் விதையை ஆயுத இடமாக மாற்றித் தருபவர் ஹெஸ்டு. ககாரிகோவுக்கு ஏறும் சாலையோரத்தில் பெரிய மரம் போல நிற்பார். சாலையை விட்டுக் குறுக்கே மலையேறி ஊருக்குள் இறங்கினால் அவரைப் பார்க்கவே மாட்டீர்கள். பையில் 30 விதை இருந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் பலர் திரிவதற்கு இதுதான் காரணம். பக்கத்தில் முகாமிட்டிருக்கும் பொகோப்ளின் அரக்கர் கூட்டம் அவருடைய மராக்காஸ் என்ற கிலுகிலுப்பைகளைப் பிடுங்கி வைத்திருக்கும். அதை மீட்டுக் கொடுத்தால்தான் வேலை தொடங்கும்.

சில முறை பையைப் பெரிதாக்கியதும் அந்த இடத்திலிருந்து அவர் கிளம்பிவிடுவார். அடுத்து ஏதாவது குதிரை லாயம் பக்கம் தென்படுவார், கடைசியில் கொரோக் காட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவார். அங்கே போக லாஸ்ட் வுட்ஸ் மூடுபனியைக் கடக்க வேண்டும். பந்தங்கள் முடியும் இடத்தில் கையில் ஒரு டார்ச்சைக் கொளுத்திக்கொண்டு, தீப்பொறி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கமே நடங்கள். பொறி திரும்பினால் நீங்களும் திரும்புங்கள். ஓடாதீர்கள். உள்ளே போனதும் கியோ ரூக் ஷ்ரைனை இயக்கிவிட்டால் இந்த நடை இனி வேண்டாம்.

இப்போது முக்கியமான கணக்கு. மொத்த விதை 900. ஆனால் எல்லா இடங்களையும் திறக்கத் தேவைப்படுவது 441 மட்டும். ஆயுதப் பைக்கான விலை 1, 2, 3, 5, 8, 12, 17, 25, 35, 45, 55 என்று ஏறிக்கொண்டே போகும். முதல் எட்டு இடங்களுக்கு 73 விதை, கடைசி மூன்றுக்கு மட்டும் 135. எனவே முதல் 48 விதையில் ஏழு ஆயுத இடம் வாங்கிவிட்டு, அடுத்து வில்லுக்கு இரண்டு மூன்று வாங்குங்கள். கேடயத்துக்குக் கடைசியில் போனால் போதும். நான்கைந்து கேடயத்துக்கு மேல் ஒரு நேரத்தில் யாருக்கும் தேவைப்படாது.

900-ஐயும் கொடுத்தால் என்ன கிடைக்கும்? தங்க நிறத்தில் சுருண்டு நிற்கும் ஒரு ‘பரிசு’. என்ன வடிவம் என்று சொல்ல மாட்டேன், பார்த்ததும் தெரியும். எந்தப் பயனும் கிடையாது.

படி 3: சென்சாரைத் தேற்றிக்கொள்ளுங்கள்

ஸ்லேட்டில் உள்ள சென்சார் முதலில் ஷ்ரைனை மட்டுமே காட்டும். ஹடேனோ ஊர் ஆய்வகத்தில் புரா என்ற ஆய்வாளரிடம் மூன்று ஏன்ஷியன்ட் ஸ்க்ரூ கொடுத்தால் ‘சென்சார் பிளஸ்’ ஆகிவிடும். பிறகு நீங்கள் படமெடுத்து வைத்த எதையும் தேடச் சொல்லலாம். ஒரு புதையல் பெட்டியைப் படமெடுத்து அதையே இலக்காக வைத்துவிட்டால், மண்ணில் புதைந்ததும் தண்ணீரில் மூழ்கியதும்கூட ஒலி காட்டிக்கொடுக்கும். புரா இன்னும் இரண்டு மேம்பாடுகளையும் காட்டுவார், குண்டுக்கு மூன்று ஷாஃப்ட், பொருளை அசையாமல் நிறுத்தும் ஸ்டாசிஸுக்கு மூன்று கோர். முதலில் சென்சார்.

ஸ்க்ரூவுக்காகக் கார்டியன் என்ற பழங்காலச் சண்டை இயந்திரங்களோடு மோத வேண்டியதில்லை. ஹடேனோ கோட்டைக்கு முன்னால் உள்ள பிளாட்சரி சமவெளியில் செத்துக் கிடக்கும் கார்டியன் கூடுகளின் பக்கத்தில் போய் ஏ அழுத்தினாலே பாகங்கள் உதிரும். எல்லாமே செத்தவை அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சிவப்புப் புள்ளி உங்கள் மேல் விழுந்தால் பின்னால் ஒளியுங்கள்.

புரா இவற்றைச் செய்ய முதலில் ஆய்வகத்துக்கு நீலத் தீயைக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலையில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டார்ச்சைக் கொளுத்திவிட்டு ஓடினால் நீங்கள் ஆடும் வீரர் லிங்க் அதை முதுகில் செருகிவிடுவார், தீ அணைந்துவிடும். நடந்துதான் போக வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு விளக்குத் தூணையும் ஏற்றிக்கொண்டே போங்கள். மழை பிடித்தால் கையில் உள்ளது அணையும், பிறகு கடைசியாக ஏற்றிய தூணிலிருந்தே தொடங்கலாம். தூண்களை ஏற்றாமல் நேராகப் போனவர் மறுபடி ஊர் எல்லையிலுள்ள உலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

படி 4: சட்டி

இந்த ஆட்டத்தில் பவர்-அப் என்று தனியாக மின்னிக்கொண்டு எதுவும் கிடைக்காது. நீங்களே சமைத்தால்தான் உண்டு. அதிகம் பொருள் வீணாவதும் இங்கேதான்.

முதலில் எப்படிச் சமைப்பது என்பது. ஆட்டம் இதை ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. சட்டிக்கு முன்னால் நின்று ஏ அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பிளஸ் பட்டனில் மெட்டீரியல்ஸ் பக்கம் போய், ஒரு பொருளின் மேல் ஏ அழுத்தி ‘ஹோல்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து பொருள் வரை கையில் எடுக்கலாம். பிறகு மெனுவிலிருந்து வெளியே வந்து சட்டியருகே நின்று ஏ. அடியில் தீ எரிய வேண்டும், எரியாவிட்டால் விறகும் சிக்கிமுக்கிக் கல்லும் போட்டு வாளால் அடியுங்கள். சமையல் காட்சியை எக்ஸ் அழுத்தித் தாண்டலாம்.

அடுத்தது: ஒரு சட்டியில் ஒரு எஃபெக்ட்தான். தாக்குதலைக் கூட்டும் வாழைப்பழத்தையும் இதயத்தைக் கூட்டும் டூரியனையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கையில் வருவது பசியாற்றும் வெறும் சாப்பாடு. ஆப்பிள், சாதா இறைச்சி, அரிசி போல எஃபெக்ட் இல்லாதவற்றை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், மோதாது. பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ‘மைட்டி’ என்று தொடங்குவதெல்லாம் தாக்குதல்தான், ஆனால் ரேஸர்ஷ்ரூமும் தாக்குதல்தான். அயர்ன்ஷ்ரூம் தற்காப்பு, ரஷ்ரூம் வேகம். பொருளின் விளக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு எடுங்கள்.

பூச்சி, பல்லி, தவளை இவற்றை உணவோடு போடக் கூடாது. அவற்றுக்குத் துணை அரக்கர்களின் கொம்பு, பல், குடல்தான். ஒரு வகைப் பூச்சியும் அரக்கர் பாகமும் சேர்ந்தால் எலிக்ஸர் (மருந்துப் பானம்). அரக்கர் பாகத்தை இறைச்சியோடு போட்டால் படத்தையே மறைத்துக் காட்டும் கெட்டுப்போன உணவு. எஃபெக்ட்டின் வலிமையைப் பூச்சியின் எண்ணிக்கை கூட்டும், நேரத்தை அரக்கர் பாகம் கூட்டும்.

இனி மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்று சமையல்.

டூரியன். ஹார்ட்டி டூரியன் ஒன்றே ஒன்றைச் சட்டியில் போட்டாலும் எல்லா இதயமும் நிறைந்து, மேலே நான்கு மஞ்சள் இதயம் (தற்காலிக உபரி) வரும். ஐந்தையும் ஒன்றாகப் போட்டால் 20 மஞ்சள் இதயம். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் வீண். ஐந்து டூரியனை ஐந்து தனித்தனி உணவாகச் செய்தால் ஐந்து முறை முழு உயிர் கிடைக்கிறதே! ஃபாரன் டவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் உயரமான மேட்டில் டூரியன் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. காவலுக்கு இருக்கும் லிசால்ஃபோஸ் என்ற பல்லி அரக்கர்களைச் சமாளித்துவிட்டால் ஒரே நடையில் பத்துக்கு மேல் எடுக்கலாம். சமைத்த உணவு 60 வரைதான் பையில் கொள்ளும் என்பதால் அதற்கு மேல் பழமாகவே வைத்திருங்கள்.

எண்டூரா கேரட். டூரியனின் அதே தர்க்கம், ஸ்டாமினாவுக்கு. ஒன்று போட்டாலே சக்கரம் முழுக்க நிரம்பி, மேலே கொஞ்சம் மஞ்சளாகவும் சேரும். பெரிய தேவதைகளின் ஊற்றைச் சுற்றி முளைத்திருக்கும். செங்குத்தான மலையில் பாதியில் தொங்கிக்கொண்டே மெனுவைத் திறந்து சாப்பிடலாம்.

வாழைப்பழம். மைட்டி பனானா நான்கு போட்டால் தாக்குதல் மூன்றாம் நிலை. அதுதான் உச்சம், ஐந்தாவது பழம் நிலையைக் கூட்டாது. நான்கு பழத்துக்கு நேரம் 3 நிமிடம் 20 நொடி. ஐந்தாவதாக ஒரு டிராகன் கொம்புத் துண்டைப் போட்டால் நேரம் நேரே 30 நிமிடமாகிவிடும். வாழை ஃபாரன் காட்டில் காய்க்கும், வழிமறிக்கும் யீகா கும்பல் ஆட்களைத் தோற்கடித்தாலும் உதிர்ப்பார்கள். கொம்புக்கு ஃபரோஷ் என்ற டிராகன்தான் எளிது. ரியோலா ஊற்றுப் பக்கம் நெருப்பு மூட்டி விடியும்வரை உட்காருங்கள், டிராகன் கிளம்பி வரும். கொம்பில்தான் அம்பு பட வேண்டும். உடம்பில் பட்டால் செதில் மட்டும் உதிரும், அதற்கு இந்த 30 நிமிடக் கணக்கு கிடையாது. ஒரு வருகைக்கு ஒரு துண்டுதான்.

சாப்பிடும்போதும் ஒரு பிழை நேரும். நேரம் ஓடும் எஃபெக்ட் ஒரு வேளைக்கு ஒன்றுதான் நிற்கும். தாக்குதல் உணவு ஓடிக்கொண்டிருக்கும்போது குளிர் தாங்கும் உணவைச் சாப்பிட்டால் முந்தையது போய்விடும். அதனால் குளிருக்கும் வெயிலுக்கும் உடையை நம்புங்கள், தாக்குதலுக்குச் சாப்பாட்டை வையுங்கள். மஞ்சள் இதயமும் மஞ்சள் ஸ்டாமினாவும் இந்தக் கணக்கில் வராது, எதோடும் சேர்ந்து நிற்கும்.

ரத்த நிலவு எழும் இரவில், ஆட்டக் கடிகாரம் 11:30-ஐத் தாண்டியதும் சமைத்தால் ஒவ்வொரு உணவும் கூடுதல் பலனோடு வரும். வானம் சிவந்ததும் சட்டிக்கு வார்ப் ஆகிவிடுங்கள், ஹடேனோவிலோ ககாரிகோவிலோ. அந்த நிலவு ஏழு ஆட்ட நாளுக்கு ஒருமுறை, நம் கணக்கில் 2 மணி 48 நிமிடத்துக்கு ஒருமுறை. செத்த எதிரிகளும் எடுத்த ஆயுதங்களும் அன்று திரும்ப வரும், ஆகவே நல்ல ஆயுதம் கிடந்த இடங்களை மேப்பில் ஸ்டாம்ப் குத்தி வைப்பது பலன் தரும். ஸ்டாம்ப் 100 வரைதான்.

படி 5: நான்கு விலங்குகளில் முதலில் பறவை

டிவைன் பீஸ்ட் என்ற நான்கு ராட்சத விலங்கு இயந்திரங்களை முடித்தால் ஒவ்வொன்றும் ஒரு இதயமும் ஒரு வரமும் தரும். கதைப்படி யானைக்குத்தான் முதலில் வழிகாட்டப்படும். சேகரிப்பவருக்கு ரிட்டோ ஊர்ப் பக்கம் வட்டமிடும் வா மெடோ என்ற பறவைதான் முதலில். காரணம், அதன் வரமான ரெவாலியின் கேல். நின்ற இடத்தில் எக்ஸை அழுத்திப் பிடித்தால் நேராக வானத்துக்குத் தூக்கும், மூன்று முறை. தீர்ந்தால் ஆறு நிமிடத்தில் மீண்டும் நிரம்பும். பாதி மலைகளை ஏறவே வேண்டாம். ரிட்டோ பகுதி குளிரும், ஊரிலேயே இறகு உடை விற்கிறார்கள்.

படி 6: இதயக் கணக்கு, கொம்புச் சிலை

ஆட்டத்தின் புகழ்பெற்ற வாளான மாஸ்டர் ஸ்வோர்டை உருவ 13 இதயம் வேண்டும். மஞ்சள் இதயம் கணக்கில் வராது. டூரியன் தின்றுவிட்டு வந்து செத்துப்போகிறவர்கள் நிறைய. தொடக்கம் 3, நான்கு விலங்குகளையும் முடித்தால் 7. இன்னும் 6 இதயம், 24 ஆர்ப். விலங்கு ஒன்றும் முடிக்காமல் போனால் 10 இதயம், 40 ஆர்ப்.

ஸ்டாமினாவில் ஐந்து முறை போட்டுவிட்டோமே என்று கவலை வேண்டாம். ஹடேனோ ஊரில் ஓர் ஓரமாகக் கொம்பு வைத்த சிலை ஒன்று இருக்கிறது. முதலில் உங்களிடமிருந்து ஓர் இதயத்தைப் பிடுங்கிப் பயமுறுத்தும், பிறகு திருப்பித் தரும். அதன் பின் ஓர் இதயத்தையோ ஸ்டாமினாப் பங்கையோ 100 ரூபிக்கு (ஆட்டத்தின் காசு) விற்று, எது வேண்டுமோ அதை 120-க்கு வாங்கலாம். மாற்றம் ஒன்றுக்கு 20 ரூபி நஷ்டம். ஐந்து பங்கை இதயமாக்க 100, வாளை உருவிய பிறகு திரும்ப மாற்ற இன்னொரு 100. இதை நம்பித்தான் படி 1-இல் துணிந்து ஸ்டாமினா வாங்கச் சொன்னது.

அடிப்படை ஆட்டத்தின் 120 ஆர்ப்பில் 30 மேம்பாடு. ஸ்டாமினாவை மூன்று சக்கரமாக நிறைத்தால் இதயம் 27-இல் நிற்கும். இதயத்தை 30 ஆக்கினால் ஸ்டாமினா இரண்டு சக்கரத்துக்கு மேல் ஐந்தில் இரண்டு பங்கோடு நின்றுவிடும். 27 இதயம் எடுங்கள். கடைசி மூன்று இதயம் என்றுமே உங்களைக் காப்பாற்றப் போவதில்லை.

பெரிய தேவதைகள் பற்றிச் சுருக்கமாக: எந்த ஊற்றை எந்த வரிசையில் திறந்தாலும் விலை 100, 500, 1,000, 10,000 ரூபிதான். இரண்டு தேவதை திறந்தால் உடையை இரண்டு நட்சத்திரம் வரை ஏற்றலாம், உடைத் தொகுதியின் கூடுதல் பலன் மூன்று துண்டும் அந்த நிலைக்கு வந்தால்தான் கிடைக்கும். எனவே முதல் 600 ரூபியைச் சீக்கிரம் செலவழியுங்கள், நான்காவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். காசு வேண்டுமா, கூர்மெட் இறைச்சி ஐந்தை ஒன்றாகச் சமைத்து விற்றால் 490 ரூபி. பச்சையாக விற்காதீர்கள்.

படி 7: கொரோக்கைக் கண்டுபிடிக்கும் கண்

441-ஐ மேப் பார்த்துத் தேடுவது வேலைக்குப் போவது போல ஆகிவிடும். முதல் 200 வழியிலேயே கிடைக்கும், பார்வை பழகினால். எந்த மலை உச்சியாக இருந்தாலும் தனியாக ஒரு கல் கிடந்தால் தூக்குங்கள். கல் வட்டத்தில் ஒன்று குறைந்தால் பக்கத்தில் தேடி வையுங்கள். ஆளில்லாத இடத்தில் காற்றாடி சுழன்றால் அதன் அருகே நின்று பாருங்கள், பலூன்கள் தோன்றும், அம்பு விடுங்கள். குளத்தில் தாமரை இலைகள் வட்டமாக இருந்தால் மேலிருந்து நடுவில் குதியுங்கள், நீந்திப் போய்ச் சேர்ந்தால் கணக்கில்லை. ஒரே மாதிரி மூன்று மரம், ஒன்றில் மட்டும் பழம் கூடுதல் என்றால் மற்ற இரண்டைப் போலவே ஆகும்வரை அந்தப் பழங்களைப் பறியுங்கள். சிலை வரிசையில் ஒன்றின் தட்டு மட்டும் காலி என்றால் மற்றவற்றில் உள்ள அதே பழத்தை வையுங்கள். மஞ்சள் பூவைத் தொட்டால் ஓடும், கடைசியாக வருவது வெள்ளைப் பூ.

இலை படம் போட்ட அடிமரத்தில் ஏறியதும் நேரம் ஓடத் தொடங்கும் வகைதான் எரிச்சல். ஏறுவதற்கு முன்பே சுற்றிப் பார்த்து எங்கே போக வேண்டும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பாராகிளைடர் விரிக்கும் பள்ளத்தின் மறுபுறம்.

எக்ஸ்பான்ஷன் பாஸ் (தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்பு) வாங்கியிருந்தால் கொரோக் மாஸ்க் உண்டு, அருகில் கொரோக் இருந்தால் தலையில் அசைந்து ஒலிக்கும். ஆனால் அதைப் போட்டால் பண்டானாவைக் கழற்ற வேண்டும். அதே பாஸில் வரும் ஹீரோஸ் பாத் அதைவிட மேல். கடைசி 200 மணி நேரம் நீங்கள் நடந்த தடத்தை மேப்பில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும், கோடே இல்லாத பகுதிக்குப் போனால் புதிதாக ஏதாவது கிடைக்காமல் இருக்காது.

பின்சேர்க்கை

எண்டூரா கேரட்டும் டூரியனும் ஒரே சட்டியில் போடலாமா என்ற சந்தேகம் வருகிறது. கூடாது, அதுவும் இரண்டு எஃபெக்ட்தான்.

கடைசி எதிரியான கேனனைத் தோற்கடித்த பிறகு மேப்பில் ஒரு சதவீதம் தோன்றும். ஒரு கொரோக்குக்கு 0.08 சதவீதம். 441-இல் நிறுத்தியவருக்கு அது உறுத்தும், உறுத்தினால் அந்த எண்ணைப் பார்க்காதீர்கள்.

அடுத்த பாகமான டியர்ஸ் ஆஃப் தி கிங்டமுக்கு இந்தக் குறிப்பை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அங்கே 152 ஷ்ரைன், 1,000 விதை, சில கொரோக் ஜோடிகள் இரண்டு விதை தரும். டூரியன் அந்த ஆட்டத்தில் கிடையவே கிடையாது.